இறக்கச் சொன்ன குரல்

தூத்துக்குடி மதுரைப் புறவழிச்சாலையில் இருக்கும் கீழைக்கடல் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இரண்டாவது மாதம் அடையாள அட்டை வரும், நான்காவது மாதம் பி.எஃப். எண் வரும், ஆறாவது மாதம் ஜேசுபாதத்தின் குரல் வரும். அட்டையும் எண்ணும் முன்பின் ஆவதுண்டு. ஒருவருக்கு எண் வரவே ஒன்பது மாதம் ஆனது. குரல் ஒருநாளும் தாமதித்ததில்லை. கட்டையான, நிதானமான குரல். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஒரு சின்னச் செருமல். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் அது வரும். பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி வீட்டுக்குப் போனில் பேசுகிறவன் தன் சொந்தக் குரலில் பேசுவான். அதே மூச்சில் பக்கத்தில் நிற்பவனிடம் லாரி எண்ணைக் கேட்டால் ஜேசுபாதம் கேட்பார். மாறியது மாறினவருக்குக் கேட்காது, மற்றவர்களுக்குத்தான் கேட்கும். ஆண், பெண் என்ற வித்தியாசமும் இல்லை. ஆவணப் பிரிவில் இருந்த உமாராணிக்கு ஆழ்வார்திருநகரியில் நிச்சயம் முடிந்திருந்த சமயம், மாப்பிள்ளை ஆசையாக ஆபீஸ் எண்ணுக்குக் கூப்பிட்டு உமாராணி இருக்கிறாளா என்று கேட்டார். "உமாராணிதான் பேசுதேன், எந்தக் கப்பல்?" என்று ஒரு கிழவர் பதில் சொன்னதும் போனை வைத்துவிட்டார். இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த மாப்பிள்ளையின் தகப்பனார்தான், வேலைக்குப் போகிற இடத்தில் இப்படியெல்லாம் ஆகும் என்று சொல்லி முகூர்த்தத்தைக் காப்பாற்றினார்.

ஜேசுபாதம் பதினெட்டு வருஷம் அங்கே மேலாளராக இருந்து 2013இல் ஓய்வுபெற்று மணப்பாட்டுக்குப் போனவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நல்லவர் என்றும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். அவர் காலத்தில் யார்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் இன்னொருவனிடம் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் நடக்காது; "சார் சொன்னாவ" என்று முன்னால் சேர்த்துச் சொன்னால் நடக்கும். சார் சொன்னாவ, இந்தப் பெட்டிய அங்கன வை. சார் சொன்னாவ, டிரைவர் இறங்கி நிக்கணுமாம். சார் அந்நேரம் மதியச் சாப்பாடு முடித்து நாற்காலியில் கண்ணை மூடி இருப்பார். தான் சொல்லாத உத்தரவுகள் தன் பேரில் நடமாடுவது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேலை சரியாக முடிந்தால் சார் சொன்னது, தப்பாக முடிந்தாலும் சார் சொன்னது; சாரிடம் போய் யார் கேட்கப் போகிறார்கள்? ஆக எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது. சில வருஷங்களில் "சார் சொன்னாவ" என்று சேர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது, குரலே வந்துவிட்டதால். முதலில் யாருக்கு வந்தது என்பதில் வாட்ச்மேன் ஒரு பேரைச் சொல்கிறார், கேன்டீன்காரர் வேறொரு பேரைச் சொல்கிறார். இருவரும் அந்தக் குரலில்தான் சொல்கிறார்கள் என்பதால் யாரை நம்புவது என்று தெரியவில்லை.

அவருக்குப் பிறகு சென்னைத் தலைமை அலுவலகம் வரிசையாக மேலாளர்களை அனுப்பிப் பார்த்தது. எவரும் ஆறு மாதம் தங்கவில்லை. ஒருவர் துணிவு, நேர்மை, பொறுப்பு என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டினார். தினமும் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் அதன்முன் நின்று ஜேசுபாதத்தின் குரலில் வாசித்தார்கள். இன்னொருவர் ஆலோசகர்களைக் கூட்டிவந்து பதினைந்து கேள்விகள் கொண்ட தாள் கொடுத்தார். அறுபத்து நாலு பேரும் பதினைந்து கேள்விக்கும் "மிகவும் திருப்தி" என்று குறித்துக் கொடுத்தார்கள். ஆலோசகர்கள் தங்கள் வாழ்நாளில் இப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை என்று அறிக்கை எழுதினார்கள். அது உண்மைதான்.

பெருமழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கியதற்கு அடுத்த வருஷம் ஜெஸ்லின் மேலாளராக வந்தாள். தூத்துக்குடிக்காரிதான், நாற்பத்தொரு வயது, கொழும்பிலும் சென்னையிலும் பதினாறு வருஷம் கப்பல் கம்பெனிகளில் இருந்தவள். கணவர் ரோச் கப்பல் இன்ஜினியர், வருஷத்தில் எட்டு மாதம் கடலில். வந்ததும் சுவர் எழுத்துகளைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போட்டாள். ஒரு மாதம் எந்த உத்தரவும் போடாமல் ஒவ்வொரு பிரிவிலும் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டாள். கேட்டதில் அவளுக்குத் தலை சுற்றியது. ஆனாலும் விஷயம் பிடிபட்டது. இங்கே எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் எதையும் எவரும் சொல்வதில்லை. ஆகவே ஒரே ஒரு விதி கொண்டுவந்தாள். வாக்கிடாக்கியில் பேசுகிறவர் முதலில் தன் பேரைச் சொல்ல வேண்டும். "மேடம் சொன்னாவ, பேரைச் சொல்லணுமாம்" என்று யார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு எல்லோரும் பேரைச் சொன்னார்கள். மூன்று மாதம் நடந்தது. பிறகு கப்பல் நெரிசல் வந்தது, அவசரம் வந்தது, பேர் நின்றுபோனது. அதை முதலில் விட்டது யார் என்று யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள்.

அவள் வந்து ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மூன்று ஐம்பத்திரண்டுக்கு ராமரின் கால்மேல் கன்டெய்னர் பெட்டி இறங்கியது. ராமர் ஐம்பது தாண்டியவர், ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டு ஊர். பெட்டி உட்காரும் இடத்தில் தரையில் மரக்கட்டை போடுவது அவர் வேலை. பெட்டியைத் தூக்கிப் பிடித்திருந்த எந்திரத்தில் மெல்வின் இருந்தான். முப்பத்து நாலு வயது, யார்டிலேயே கைதேர்ந்த ஓட்டுநர். முன்னால் பெட்டி மறைப்பதால் அவனுக்குக் கீழே எதுவும் தெரியாது, வாக்கியில் வருவதைக் கேட்டுத்தான் இறக்க வேண்டும். "போதும், எறக்கு, நேரமாச்சு" என்று வந்தது. இறக்கினான். ராமரின் இடது காலில் மூன்று விரல்கள் போயின. மெல்வின் கீழே குதித்து அவரைத் தூக்கும்போது, "நான் இல்லண்ணே, நான் இல்லண்ணே" என்று தன் சொந்தக் குரலில் அழுததை எல்லோரும் கேட்டார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். வாக்கியில் பேசுவதெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகும். பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கட்டையான குரல், முடிவில் செருமல். இது யார் குரல் என்று அதிகாரியும் ஜெஸ்லினும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "சார் கொரல்லா அது" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள், அதே குரலில். எந்த சார் என்று அதிகாரி கேட்டார். ஓய்வுபெற்றுப் பதினோரு வருஷம் ஆன ஒருவரின் பேரைச் சொன்னார்கள். அதிகாரி எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். மூன்றாம் நாள் அவருக்குத் தன் பேனா எது என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் ஜெஸ்லினிடம் முடிவைச் சொன்னார். மாத முடிவுக்குள் இறக்கச் சொன்ன ஆள் யார் என்று தெரியாவிட்டால், உத்தரவு இல்லாமலேயே மெல்வின் பெட்டியை இறக்கினான் என்று எழுதி வேலையிலிருந்து நீக்க வேண்டியதுதான். அப்படி எழுதப்பட்டவனை ஊரில் எந்த யார்டும் எந்திரத்தில் ஏற விடாது. மெல்வினுக்கு வேறு வேலை தெரியாது, மனைவி ஷெர்லின் ஐந்து மாதக் கர்ப்பம். தான் இருக்கும்போது இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று ஜெஸ்லின் மனதார நினைத்தாள். பதிவைப் போட்டுக் காட்டியபோது அவள் அதில் தன் குரலைத்தான் முதலில் தேடினாள். அன்றைக்கு அவளும் கப்பலுக்குப் பெட்டி சேர வேண்டிய நேரம் நெருங்குகிறதே என்று ஜன்னலருகே நின்று வாக்கியில் ஏதோ அவசரப்படுத்தியது நினைவிருந்தது. பதிவில் இருந்தது ஆண்குரல் என்றதும் பெரிய பாரம் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் ராமரைப் போய்ப் பார்த்தாள். அவருக்கு யார்மேலும் கோபமில்லை. "சார்தான் சொன்னாவ. அவுக சொன்னா மெல்வின் எறக்கத்தான செய்யணும்? அவன ஒண்ணும் செஞ்சிராதிய" என்றார் ஜேசுபாதத்தின் குரலில். சார் மணப்பாட்டில் அல்லவா இருக்கிறார் என்று ஜெஸ்லின் கேட்டாள். "இருக்கட்டும். அதுக்கென்ன?" என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தவள், வேறு வழி தோன்றாமல் மணப்பாட்டுக்கே போனாள்.

ஜேசுபாதத்தின் வீடு திருச்சிலுவைக் கோயிலுக்குப் போகும் மணல்மேட்டுப் பாதையில் இருந்தது. கதவைத் திறந்தவர் "வாங்கம்மா, உள்ள வாங்க" என்றார். கீச்சென்று, மெல்லிசாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்போல இருந்தது. ஜெஸ்லின் தவறான வீட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்தாள். அவர்தான் ஜேசுபாதம். பதிவைப் போட்டுக் காட்டியதும் ஆர்வமாகக் கேட்டுவிட்டு, "யாரு இது? நல்ல எடுப்பான கொரலா இருக்கே" என்றார். உங்கள் குரல் என்றுதான் யார்டே சொல்கிறது என்றாள். அவர் சிரித்தார். உப்புக் கம்பெனியில் தான் குமாஸ்தாவாக இருந்தபோது அங்கே ஒரு மேனேஜர் இப்படித்தான் செருமுவார், அவருக்கு அது எங்கிருந்து வந்ததோ என்றார். மனைவி பிளாரன்ஸ் அடுக்களையிலிருந்தே, "ரிட்டயராகி மறுநா காலையில காப்பி கேட்டாவ. யாரோ சின்னப் பையன் வந்திருக்கான்னுல்லா நெனச்சேன். இருபத்தாறு வருசம் குடும்பம் நடத்தி, எம் புருசன் கொரல அன்னைக்குத்தான் கேட்டேன்" என்றாள். ஆபீஸில் மட்டும்தானே அந்தக் குரல் என்று ஜெஸ்லின் கேட்டதற்கு, ஓய்வுபெறும்வரை அவர் வேலையைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை என்று பிளாரன்ஸ் சொன்னாள். அப்படியானால் அந்தக் குரல் யாருடையது என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் கிடைக்கவில்லை.

கருப்பட்டிக் காப்பி வருவதற்குள் ஜெஸ்லினுக்கு யார்டிலிருந்து போன் வந்தது. எழுந்துபோய் வாசலில் நின்று, நாலு பெட்டியை முதலில் அனுப்பச் சொன்னாள், மீதியை நிறுத்தச் சொன்னாள். உள்ளே தம்ளர் விழும் சத்தம் கேட்டது. பிளாரன்ஸ் ஓடிவந்து புருஷனின் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, "மறுபடியும் வந்துட்டா? ஏங்க, மறுபடியும் வந்துட்டா?" என்று கேட்டாள். ஜேசுபாதம் வாயே திறக்கவில்லை. அவர் தன் கையால் வாசலைக் காட்டினார். பிளாரன்ஸ் திரும்பி ஜெஸ்லினைப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் அவள் காரை ஓரமாக நிறுத்திப் பதிவை ஒன்பது தடவை கேட்டாள். போதும், எறக்கு, நேரமாச்சு. ஒன்பது தடவையும் யாரோ ஒரு கிழவர்தான் பேசினார். ஆனால் வார்த்தைகள் அவளுடையவை. ஜன்னலருகே நின்று அவற்றைச் சொன்னது இப்போது தெளிவாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது. அடுத்த மூன்று நாள் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். கண்டுபிடிக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். மெல்வினுக்கு வேறு ஊரில் வேலை வாங்கிக் கொடுத்தால் என்ன என்றுகூட இரண்டு பேரிடம் விசாரித்தாள். நாலாம் நாள், பக்கத்து மேசையிலிருந்த உமாராணியிடம் திடீரென்று கேட்டாள்.

"அன்னைக்கு நான் வாக்கியில பேசினத நீ பாத்தியா?"

"பாத்தேன் மேடம்."

"பொறகு ஏன்ளா சொல்லல?"

"யாரு பேசினான்னு யாரும் கேக்கலியே மேடம். யார் கொரல்னுதான கேட்டாவ? அதச் சொன்னேன்" என்றாள் உமாராணி கட்டைக் குரலில். பிறகு செருமிக்கொண்டு, "நீங்களுந்தான் அப்படியே கேட்டிய. சரி, உங்களுக்குத் தெரிஞ்சுதான் கேக்குதியன்னு நெனச்சோம்" என்றாள். எத்தனை பேர் நினைத்தார்கள் என்று ஜெஸ்லின் கேட்டாள். எல்லோரும்தான் என்றாள்.

மாதத்தின் இருபத்தொன்பதாம் தேதி விசாரணை அதிகாரி கையெழுத்து வாங்க வந்தபோது, ஜெஸ்லின் அவர்முன் வாக்கியை எடுத்து அழுத்தினாள். "நான் ஜெஸ்லின் பேசுதேன். எறக்கச் சொன்னது நான்தான். கீழ பாக்காமச் சொன்னேன். மெல்வின் மேல ஒரு தப்பும் இல்ல." அவளுக்கு அது அவள் குரலாகவே கேட்டது. அறையில் இருந்த மற்றவர்களுக்கு ஜேசுபாதம் ஒப்புக்கொள்வதாகக் கேட்டது. அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து, "இதே குரல்தான்!" என்று கத்தினார், ஒரு மாதத்தில் அவருக்குப் பொருந்திவந்த முதல் விஷயம் அது. யார்டில் எந்திரங்கள் நின்றன. பதினோரு நிமிஷம் வாக்கியில் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு ஒரு குரல், அதே குரல், "அந்த எந்திரத்துக்கு கேமரா வேலை செய்யலன்னு தெரிஞ்சும் சொல்லாதது நான்" என்றது. இன்னொன்று, "ராமரத் தனியா விட்டுட்டு டீக்குப் போனது நான்" என்றது. அதன்பின் நிறுத்த முடியவில்லை. பிரேக் சரியில்லாத லாரியை உள்ளே விட்டது நான், முத்திரை உடைந்த பெட்டியைத் திருப்பி வைத்தது நான், கேன்டீன் தட்டு மூன்றை வீட்டுக்குக் கொண்டுபோனது நான். முப்பத்தொரு பேர் சொன்னார்கள். எல்லாம் ஒரே குரல் என்பதால், வெளியே ரோட்டோரக் கடையில் நின்றவர்களுக்கு ஏதோ ஒரே ஆள் தன் ஆயுசுக் குற்றத்தையெல்லாம் சொல்லி முடிப்பதாகத் தோன்றியது. ஒரு கிழவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதிகாரி எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல் காகிதங்களை அடுக்கிப் பையில் வைத்தார்.

மெல்வின் அடுத்த திங்கட்கிழமை எந்திரத்தில் ஏறினான். ஜெஸ்லினை ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாள். கடைசி நாள் அறுபத்து நாலு பேரில் அறுபத்து மூன்று பேர் வந்து வழியனுப்பினார்கள், ராமர் மட்டும் ஆஸ்பத்திரியில் இருந்தார். அத்தனை பேரும் ஜேசுபாதத்தின் குரலில்தான் போய்வரச் சொன்னார்கள். எட்டு மாதம் இருந்து எதையுமே மாற்றவில்லை, ஒரு மனிதரின் மூன்று விரல்களைத் தவிர, என்று நினைத்து அவள் வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது அழுதாள்.

புது மேலாளராக ஜெஃப்ரி வந்த ஐந்தாவது மாதத்தில், காவலாளி முதல் கணக்கர்வரை எல்லோரும் பெண்குரலில் பேசத் தொடங்கினார்கள். கொஞ்சம் அவசரமான, தெளிவான குரல், செருமல் இல்லை. ஜெஃப்ரி தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் வந்து அறுபத்து நாலு தொண்டைகளையும் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கின்றன, இரண்டு பேர் புகையிலையை விட வேண்டும் என்று சொல்லிப்போனார். எந்திரத்தில் இருக்கும்போது மெல்வினுக்குப் போன் செய்த ஷெர்லின், பின்னால் எவளோ ஒருத்தி பெட்டி எண் சொல்வதைக் கேட்டுக் கைக்குழந்தையோடு யார்டுக்கே கிளம்பி வந்தாள். நேரில் பார்த்துத் தெளிந்து, கேன்டீனில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். வெளியூர் லாரிக்காரர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டது. அந்தக் குரலில் பேசும்போது "சார் சொன்னாவ", "மேடம் சொன்னாவ" என்பதெல்லாம் ஏனோ வாயில் வருவதில்லை என்று ஊழியர்கள் சொன்னார்கள். தப்புகள் முன்னைப்போலத்தான் நடந்தன, ஆனால் அன்றன்றைக்கே தெரிந்தன. இதை நல்லது என்று எழுதுவதா கெட்டது என்று எழுதுவதா என்று ஜெஃப்ரிக்குத் தெரியவில்லை, மாதாந்திர அறிக்கையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்.

ஜெஸ்லினுக்கு சாயர்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. அனுபவச் சான்றிதழ் கேட்டார்கள். கீழைக்கடலுக்கு எழுதி ஏழு வாரமாகியும் வரவில்லை, ஒருநாள் மத்தியானம் போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண். கேட்பதற்கு நன்றாக இருந்தது. நல்ல வேளையாகச் சொந்தக் குரலுள்ள ஒருத்தியை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அது யாருடைய குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிய வழியுமில்லை.

"நீங்க புதுசாம்மா?"

"இல்ல மேடம். ராமர் பேசுதேன். இப்பம் ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காவ."

கால் எப்படியிருக்கிறது அண்ணாச்சி என்று ஜெஸ்லின் கேட்டாள்.

"வலிக்கத்தான் செய்யி" என்றார் ராமர். "உங்க சர்டிபிகேட்ட நான்தான் வேற கவர்ல போட்டு விசாகப்பட்டினத்துக்கு அனுப்பிட்டேன். யாரும் சொல்லிச் செய்யல, நானாத்தான் செஞ்சேன். இன்னைக்கே வேற ஒண்ணு போட்டு அனுப்புதேன், அட்ரஸ் சொல்லுங்க."

அவள் சொன்னாள். ராமர் அதை அவளுடைய குரலில் அவளுக்கே திருப்பிச் சொன்னார். பின்கோடில் ஓர் எண் பிசகியிருந்தது. அவள் திருத்தினாள், அவர் திருத்தி எழுதிக்கொண்டார்.